ஹாலுக்கு வெளிர் சந்தனமா, சாம்பல் பச்சையா? தரை ரெட் ஆக்சைடு

கொள்ளிடக்காரி:

வணக்கம். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு, முடிவுக்கு வருகிற வழியைக் காணோம், அதனால் இங்கே கொண்டுவந்து இறக்குகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் மாமனார் 1984இல் கட்டிய வீடு. ஹால் 16க்கு 12 அடி, உயரம் 10 அடி. தரை ரெட் ஆக்சைடு. நாற்பது வருஷம் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்கு மினுங்கும், அதை உடைத்து டைல்ஸ் போடச் சொல்லி யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அந்தச் சண்டை முடிந்து நான் ஜெயித்தும் ஆயிற்று. ஜன்னல் ஒன்றே ஒன்று, வடக்குச் சுவரில், நாலு கதவு வைத்த பெரிய ஜன்னல். வாசல் கிழக்கே, ஆனால் திண்ணையையும் கம்பி போட்ட வராண்டாவையும் தாண்டித்தான் வெளிச்சம் வர வேண்டும், அதனால் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. இப்போது சுவரில் இருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அடித்த ரோஸ் டிஸ்டெம்பர். சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் சட்டை முதுகில் திருநீறு பூசின மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது.

தை மாதம் மாமனாருக்கு சதாபிஷேகம். அதற்குள் ஹாலையாவது முடித்தாக வேண்டும்.

கடையிலிருந்து ஷேட் கார்டு வாங்கி வந்து, கழித்துக் கழித்து இரண்டில் வந்து நிற்கிறோம். ஒன்று வெளிர் சந்தனம், மஞ்சள் தூக்கலாக இல்லாமல், பால் நிறைய ஊற்றின பாயசம் மாதிரி. இன்னொன்று சாம்பல் கலந்த பச்சை. கற்பூரவள்ளி இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஒரு நிறம் இருக்குமே, அது. மாமியார் சந்தனக் கட்சி. கணவர் பச்சைக் கட்சி, பெங்களூரில் நண்பர் ஃபிளாட்டில் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து. நான் நாளுக்கொரு கட்சி. மாமனாரிடம் அட்டையைக் காட்டினால் காலையில் "பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார், சாயந்திரம் அதே அட்டையைப் பார்த்து "இதென்ன அழுக்கு மாதிரி இருக்கு" என்கிறார். அவருக்குப் போன மாதம்தான் வலது கண்ணில் புரை எடுத்தது, இடது கண் இன்னும் பாக்கி, அவர் ஓட்டை எந்தப் பக்கம் எண்ணுவது என்றே தெரியவில்லை.

அட்டையைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். சந்தனம் லேசாகப் பச்சை அடிக்கிறது, பச்சையோ பளிச்சென்று தெரிகிறது. கடையில் பார்த்த நிறம் இரண்டுமே இல்லை. அட்டைக்குப் பின்னால் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருக்கிறது, சந்தனத்துக்கு 76, பச்சைக்கு 58. அது என்ன கணக்கு? எதை அடிக்கலாம்? காரணத்தோடு சொன்னால் வீட்டில் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும்.


தாழ்வாரம்:

சந்தனம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சதாபிஷேகம் என்றால் மாவிலை, வாழைக்கன்று, பூ, பட்டுப்புடவை, பித்தளைச் சொம்பு என்று வீடு முழுக்க நிறம்தான். அத்தனையும் எடுப்பாகத் தெரிய, பின்னால் வாயைத் திறக்காத ஒரு சுவர் வேண்டும். பச்சைச் சுவரை ஒட்டி நிறுத்தி எடுத்த போட்டோவில் எல்லோருக்கும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும், எங்கள் பெண்ணின் நிச்சயதார்த்த ஆல்பம் அத்தாட்சி. சந்தனத்தில் ஒரே ஒரு தொல்லை தலையெண்ணெய்க் கறை. சோபாவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், போதும்.

மூன்று சுவர் சந்தனம், ஒரு சுவர் பச்சை என்று நடுநிலை பேச யாராவது வருவார்கள். வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.


கோவை மச்சான்:

அந்தப் பச்சையை அடித்து அனுபவித்தவன் பேசுகிறேன்.

எங்கள் ஃபிளாட்டில் படுக்கையறைக்கு அடித்தோம். அட்டையில் பார்த்தால் அவ்வளவு அழகு. நாலு சுவரும் காய்ந்த அன்று ஊரிலிருந்து அம்மா வந்தார், கதவருகே நின்று உள்ளே பார்த்துவிட்டு "யாரை அட்மிட் பண்ணியிருக்கு?" என்று கேட்டார். அதோடு முடிந்தது. அதற்கப்புறம் நானும் என் மனைவியும் எவ்வளவு முயன்றும் அந்த அறையை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

இந்த ஆஸ்பத்திரிப் பச்சைக்கு ஒரு கதை உண்டு. 1914இல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்ணைக் கூச வைக்கிறது என்று ஆப்பரேஷன் தியேட்டருக்குப் பச்சை அடிக்க வைத்தார். ரத்தச் சிவப்புக்கு எதிர் நிறம் பச்சை என்பதுதான் அவர் கணக்கு. சிவப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தால் வெள்ளைச் சுவரில் பச்சையாக ஒரு நிழல் மிதக்கும், சுவரே பச்சையாக இருந்துவிட்டால் அது தெரியாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால் எனக்கு வெள்ளை டைல்ஸ், உங்களுக்குத் தரையே சிவப்பு. எதிரும் புதிருமான இரண்டு நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். உங்கள் பச்சை எங்கள் பச்சையைவிடப் பச்சையாகத் தெரியும், தரை இன்னும் சிவக்கும். அது பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காது.


ரோலர்காரன்:

ஈரோட்டில் 22 வருஷமாகப் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். கலர் சண்டைக்குள் போவதற்கு முன்னால் சுவரைக் கொஞ்சம் பேசிவிடுவோம் அம்மா.

டிஸ்டெம்பர் மாவாக வருகிறது என்றீர்கள். அதன் மேல் எந்த கம்பெனி எமல்ஷன் அடித்தாலும் ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி உரிந்து வரும், ஏனென்றால் பெயிண்ட் பிடித்துக்கொண்டிருப்பது சுவரை இல்லை, மாவை. முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காய விட்டு, பிரைமர், பட்டி இரண்டு கோட், மறுபடி தேய்ப்பு, மறுபடி பிரைமர், அப்புறம்தான் கலர் இரண்டு கோட். "மேலாக ஒரு கை ஓட்டிவிடலாம்" என்று சொல்கிற ஆளைக் கூப்பிடாதீர்கள். அப்புறம் நீங்கள் இருப்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், மழையும் இப்போதுதான் விட்டிருக்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை சுவரைத் தட்டிப் பாருங்கள், உப்புப் பூத்திருக்கிறதா, ஓதம் இருக்கிறதா என்று. இருந்தால் அந்த இடத்தில் பட்டி பார்ப்பதெல்லாம் வீண், முதலில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதை நிறுத்த வேண்டும்.

இப்போது கலர். தீப்பெட்டி அளவு அட்டையை ரோஸ் சுவரில் ஒட்டிப் பார்ப்பது பெண் பார்க்கப் போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி. சுற்றி இருக்கிற ரோஸ்தான் உங்கள் கண்ணை ஆட்டி வைக்கிறது. இரண்டு கலரிலும் கடையில் இருப்பதிலேயே சின்ன டப்பாவாகக் கலக்கச் சொல்லி வாங்குங்கள். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மாதிரி கெட்டியான அட்டையில் மூன்றடிக்கு இரண்டடி துண்டு நாலு வெட்டுங்கள், வெள்ளை பிரைமர் ஒரு கோட், கலர் இரண்டு கோட். ஒவ்வொரு கலருக்கும் இரண்டு அட்டை, ஏனென்றால் மூலையில் எல் மாதிரி சேர்த்து நிறுத்திப் பார்க்க வேண்டும், ஒரு சுவர் இன்னொரு சுவரின் மேல் நிறத்தைத் தள்ளுவது அப்போதுதான் தெரியும். அடித்த அன்றைக்கே பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ஈரமாக இருக்கும்போது எமல்ஷனில் இருக்கிற பசை பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், காய்ந்த பிறகுதான் கண்ணாடி மாதிரி தெளியும், அதனால் காய்ந்ததும் ஒரு பிடி அழுத்தமாகத் தெரியும். ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

எந்த கலர் எடுத்தாலும் மேட் ஃபினிஷ் வாங்குங்கள். ஒரே ஒரு ஜன்னல், வெளிச்சம் சுவர் ஓரமாக உரசிக்கொண்டு வரும், பழைய சுவரில் மேடு பள்ளம் இல்லாமல் இருக்காது, பளபளப்பு ஃபினிஷ் அடித்தால் பட்டி பார்த்த ஒவ்வொரு இடமும் வரைபடம் போட்ட மாதிரி தெரியும்.

அளவு: கதவு, ஜன்னல் கழித்தால் சுவர் ஏறக்குறைய 460 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று தாராளமாக வைத்துக்கொண்டால் ஐந்து லிட்டருக்குள் முடியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் கலக்கி வாங்கி, டப்பாக்களை ஒரு பெரிய வாளியில் கொட்டி ஒன்றாகக் கலக்கிவிட்டு அடியுங்கள். ஒரு தடவை எனக்கு ஒரு டப்பா குறைந்துபோய், அதே கோடு நம்பரைக் கொண்டுபோய் வேறொரு கடையில் கலக்கி வாங்கி வந்தேன். ராத்திரி அடிக்கும்போது ஒன்றும் தெரியவில்லை, காலையில் பார்த்தால் சுவர் நடுவில் வேட்டிக் கரை மாதிரி ஒரு கோடு. அந்தச் சுவரை என் காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.


லக்ஸ்மீட்டர்:

ரோலர்காரன் அண்ணன் சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் வெளிச்சப் பக்கம் மட்டும் சொல்கிறேன், விளக்கு டிசைன்தான் என் தொழில்.

எல்ஆர்வி என்பது மேலே விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்கிற எண். சுத்தக் கருப்பு 0, சுத்த வெள்ளை 100. 76க்கும் 58க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் உங்கள் உள்மூலைக்கு நேராகப் போவதில்லை, சுவரில் மோதி மோதித்தான் போகும். மூன்று தடவை மோதியது என்று வையுங்கள். சந்தனத்தில் நூற்றில் 44 பங்கு மிஞ்சும், பச்சையில் 20கூட மிஞ்சாது. இருக்கிறது ஒரே ஜன்னல் என்பதால் உள்மூலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும். ஒவ்வொரு மோதலிலும் நிறமும் கொஞ்சம் ஏறிக்கொண்டே போகும். அட்டையில் அடக்கமாக இருந்த நிறம் நாலு சுவரில் அடித்ததும் சத்தம் போடுவதற்கு அதுதான் காரணம். கோவை மச்சானுக்கு நடந்தது அது.

வடக்கு ஜன்னல் என்றதும் இணையத்தில் தேடியிருப்பீர்கள், "வடக்கு அறைக்கு நீல வெளிச்சம், அதனால் மஞ்சள் சாய்ந்த நிறம் அடி" என்று எல்லோரும் எழுதியிருப்பார்கள். அதெல்லாம் லண்டன்காரருக்கு. அங்கே உச்சிச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். திருச்சி 10.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் தலைக்கு மேலே வந்து வடக்கே தாண்டிப் போகும், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பி வரும். சித்திரையிலிருந்து ஆவணி வரை உங்கள் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் விழலாம். அதனால் மார்கழியில் பார்க்கிற நிறம் வருஷம் முழுக்க இருக்கப்போகிற நிறம் இல்லை.

மாமனார் ஓட்டை இரண்டாக எண்ணுங்கள். புரை விழுந்த கண்ணில் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிடும், நீலத்தை உள்ளே விடாது. புரை எடுத்த கண் அதை விடும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு தனித்தனி சுவர் சொல்வார். ஓவியர் மோனேவுக்கு 1923இல் வலது கண்ணில் புரை எடுத்த பிறகு அவரும் இப்படித்தான் நிறங்களோடு மல்லுக்கட்டினார்.

இரண்டு விஷயம் நீங்கள் சொல்லவில்லை. ராத்திரி ஹாலில் என்ன விளக்கு எரிகிறது? அதைவிட முக்கியம், அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? வானமா, மரமா, சுவரா?


கொள்ளிடக்காரி:

எல்லோருக்கும் நன்றி. முழுக்க வாசித்துக் காட்டினேன். "யாரை அட்மிட் பண்ணியிருக்கு" வந்ததும் மாமியார் சிரித்த சிரிப்பில் கணவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

கண் பரிசோதனை நடத்தினோம். வலது கண்ணால் பார்த்தால் பச்சை "ஜில்லுனு இருக்கு". இடது கண்ணால் பார்த்தால் "சாணி மெழுகின மாதிரி". மாமனாருக்கே ஆச்சரியம், ஒரு மணி நேரம் வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு திரிந்தார். அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் ஏன் நீலம் போட்டுக் கலக்கினார்கள் என்று இப்போதுதான் புரிகிறது என்றார், மஞ்சளை அமுக்கத்தானே.

விளக்கு: இரண்டு எல்இடி டியூப் லைட், டப்பாவில் 6500 என்று போட்டிருக்கிறது. ஊஞ்சல் பக்கம் ஒரு மஞ்சள் பல்பு.

ஜன்னலுக்கு வெளியே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இத்தனை நாள் இது தோன்றவேயில்லை. ஐந்தடிச் சந்து, அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாமியின் பக்கச் சுவர். அவர்கள் வீடு மாடியோடு இரண்டு தளம், எங்களுடையது தரைத்தளமும் மொட்டை மாடியும் மட்டும். ஜன்னலில் நின்று குனிந்து மேலே பார்த்தால்தான் வானம் தெரியும். அந்தச் சுவர் முழுக்கக் கிளிப்பச்சை.


லக்ஸ்மீட்டர்:

அப்படி வாருங்கள்.

நான் மேலே எழுதின சித்திரை வெயில் கதையை அழித்துவிடுங்கள், இரண்டு தளம் உயரத்துக்குச் சுவர் ஐந்தடியில் நிற்கும்போது அந்தச் சாய்வான வடக்கு வெயில் உங்கள் ஜன்னலுக்கு வராது. நடப்பதே தலைகீழ். மாமி வீட்டுச் சுவர் தெற்கே பார்த்தது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, உங்கள் வீடு உயரம் குறைவு, அதனால் மதிய வெயில் உங்கள் மொட்டை மாடிக்கு மேலாகப் போய் அந்தக் கிளிப்பச்சையில் நேராக அடித்து, அங்கிருந்து உங்கள் ஹாலுக்குள் விழுகிறது. கோடையில் அந்தச் சுவர் நிழலில் கிடக்கும், இந்தத் தொல்லை குறையும். ஆனால் சதாபிஷேகம் தையில்.

ஆக உங்கள் ஹாலில் இருப்பது ஜன்னல் இல்லை, பச்சை பல்பு. கூடவே கீழேயிருந்து தரை சிவப்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கண் இதற்குப் பழகிவிடுவதால் உங்களுக்குத் தெரியாது. ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து உள்மூலை வரை நடந்து பாருங்கள், கையில் இருக்கிற தாளே சொல்லும். போனில் போட்டோ எடுத்துப் பார்க்காதீர்கள், கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திவிடும்.

டியூப் லைட்டை 4000 கெல்வினுக்கு மாற்றிவிட்டு ராத்திரிச் சோதனையைச் செய்யுங்கள். டப்பாவில் இருக்கிற அந்த எண் விளக்கின் நிறக் கணக்கு, ஏறினால் நீலம் சாயும், இறங்கினால் மஞ்சள் சாயும். 6500இல் சந்தனம் செத்துப்போகும், 3000இல் பச்சை சேறாகும். எந்த நிறமாக இருந்தாலும் 4000இல் பார்த்து எடுத்தால் ஏமாற்றம் குறைவு.


தாழ்வாரம்:

இரண்டு ஷேடுக்கு ஓட்டுப் போடச் சொன்னீர்கள். மூன்றாவது ஷேட் பக்கத்து வீட்டில் நின்று ஜெயித்துக்கொண்டிருக்கிறது.


கொள்ளிடக்காரி:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். அட்டை வெட்டி, பிரைமர் அடித்து, கலர் அடித்து, காய வைத்து எல்லாம் முறைப்படி செய்தேன், ரோலர்காரன் அண்ணன் பார்த்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார்.

முதல் நாள் மதியம் ஏ4 தாளை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஜன்னலருகே தாள் பச்சையாகவே இருந்தது, வாழையிலைக்கு அடியில் பிடித்த மாதிரி. நடு ஹாலில் சாதாரணம். தரையோரமாக இறக்கினால் அடிப்பக்கம் ரோஸ். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், கோலம் போட்டிருக்கிறேன், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டியிருக்கிறேன், ஒரு நாளும் இது கண்ணில் படவில்லை.

அட்டைகளில் சந்தனம் ஜன்னல் பக்கம் எலுமிச்சம்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது. மாமியாரே முகம் சுளித்தார். பச்சையோ சந்தேகமே இல்லாமல் ஜெனரல் வார்டு. சரி, இரண்டும் வேண்டாம், வெள்ளையடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்குச் சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தால் அதே இடத்தில் இருந்த அதே சந்தன அட்டை பாயசம் மாதிரி நிற்கிறது. கடையில் பார்த்த நிறம். என்ன ஆயிற்று என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன். மாமியார் சந்துக் கொடியில் மாமனாரின் எட்டு முழ வேட்டி நாலையும் துவைத்துக் காயப் போட்டிருக்கிறார், வெயில் அதில் அடித்து, கிளிப்பச்சை பாதிக்கு மேல் மறைந்து, ஹாலே கோயில் பிராகாரம் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. ஓடிப்போய் வேட்டியை ஒதுக்கினேன், எலுமிச்சை. மறுபடி இழுத்து விட்டேன், பாயசம். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், மாமனாரைக் கூப்பிட்டு இரண்டு கண்ணிலும் காட்டினேன். வேட்டி காய்ந்த பிறகும் எடுக்க விடவில்லை, மாமியார் திட்டினார்.

வேட்டி இருக்கும்போது பச்சை எப்படி என்றும் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுவது நியாயம். ஜன்னலருகே நன்றாகத்தான் இருந்தது, கணவர் பெங்களூரில் பார்த்தது இதுதான் போலிருக்கிறது. ஆனால் உள்மூலையில் பூஜை அலமாரி பக்கம் எல் மாதிரி நிறுத்தினால் சிமென்ட் நிறமாகிவிட்டது, கீழே தரையோரம் அந்தச் சிவப்பு ஏறி ஒரு மாதிரி ஊதாச் சாம்பல். 44க்கும் 20க்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் பார்த்தேன். ராத்திரி 4000 விளக்கில் இரண்டுமே பரவாயில்லை, சந்தனம் கொஞ்சம் மேல்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. சதாபிஷேகம் முடிகிறவரை சந்தில் வேட்டி காயப் போட்டுக்கொண்டே இருக்க முடியுமா?


ரோலர்காரன்:

வேட்டி எதற்கு அம்மா. மாமியிடம் கேட்டு அந்தச் சுவரையே வெளுப்பாக்கிவிடுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, குறுகிய சந்து வீடுகளில் இரண்டு மூன்று இடத்தில் நானே செய்திருக்கிறேன். வீடு முழுக்க வேண்டாம், உங்கள் ஜன்னலுக்கு எதிரே 15 அடி அகலம், மேலே ஒரு 20 அடி உயரம், 300 சதுர அடிதான். வெளிச்சுவருக்கான எமல்ஷன் லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தால் ஆறு லிட்டர். ஆனால் கிளிப்பச்சை மேல் நேராக வெளிர் நிறம் அடித்தால் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும், அதனால் வெள்ளை பிரைமர் ஒரு கோட் கட்டாயம். சுத்த வெள்ளை வேண்டாம், வெயிலில் கண் கூசும், இரண்டு மழைக்குப் பாசி தெரியும். உங்கள் சந்தனத்திலேயே இன்னும் வெளுத்த ஷேட் ஒன்று எடுங்கள். ஐந்தடிச் சந்தில் சாரம் கட்ட இடம் பற்றாது, ஏணி வைத்துத்தான் அடிக்க வேண்டும், ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்புறம் கூலியில் தகராறு வரும்.

உங்கள் ஹாலை அடித்து, பிடிக்காமல் மறுபடி அடிப்பதைவிட இது மலிவு.


கோவை மச்சான்:

பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிற முதல் ஆலோசனையை இன்றுதான் படிக்கிறேன். மாமி என்ன சொன்னார் என்று கட்டாயம் வந்து எழுதுங்கள்.


கொள்ளிடக்காரி:

மாமியிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சதாபிஷேகப் பத்திரிகை கொடுக்கிற சாக்கில் போய் உட்கார்ந்து, காபி குடித்து, அப்புறம் சுற்றி வளைத்து வேட்டிக் கதையைச் சொன்னேன். மாமி எழுந்து வந்து எங்கள் ஹாலில் நின்று பார்த்தார். அவர் வீட்டுச் சுவர் எங்கள் ஜன்னல் வழியாக எப்படித் தெரிகிறது என்று இத்தனை வருஷத்தில் அவரும் பார்த்ததில்லையாம்.

"சந்துப் பக்கம் நீ என்ன வேணா அடிச்சுக்கோ. வாசல் பக்கம் மட்டும் தொடாதே, அது அவர் தேர்ந்தெடுத்த கலர்" என்றார். மாமா போய் ஏழு வருஷம் ஆகிறது. பாதிப் பணம் தருகிறேன் என்று மாமி சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குப் பதிலாக அவர்கள் வீட்டுத் திண்ணைக்கும் ஒரு கோட் அடித்துத் தருவதாகப் பேச்சு.

ஹாலுக்குச் சந்தனம், மேட். புதன்கிழமை சுரண்ட ஆள் வருகிறார். சுவரைத் தட்டிப் பார்த்ததில் பூஜை அலமாரிக்குக் கீழே ஒன்றரை அடிக்குப் பொருபொரு என்று சத்தம் வருகிறது, விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்பு. ரோலர்காரன் அண்ணா, அந்தச் சுவருக்குப் பின்னால்தான் குளியலறை. பட்டி பார்ப்பதற்கு முன்னால் குழாயைப் பார்க்கச் சொல்லட்டுமா?


ரோலர்காரன்:

முதலில் குழாய். பிளம்பர் பார்த்துச் சரி என்று சொல்கிற வரை அந்த மூலையில் பட்டிக் கரண்டியை வைக்க விடாதீர்கள். மற்ற மூன்று சுவரையும் ஆரம்பித்துவிடலாம்.